லைப்சிக் பயணம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருகிற மே மாதம் ஜெர்மனியில் உள்ள லைப்சிக் நகருக்குப் போகிறேன். அங்கே தோமா ஆலயத்தில் பாடும் சிறுவர் பாடகர் குழுவை நேரில் கேட்க வேண்டும்; வேறு காரியம் எதுவும் இல்லை. எங்கள் சபைப் பாடகர் குழுவின் ஒத்திகையில் இந்தச் செய்தி என் வாயிலிருந்து தவறி விழுந்தது. அன்று முதல் மதுரைத் தல்லாகுளத்தில் காய் வாங்கக்கூட நிம்மதியாகப் போக முடியவில்லை. ஒரே கேள்விக்கு நாற்பது முறை பதில் சொன்னால் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துகிறவளுக்கே பொறுமை போய்விடும். ஆகவே எழுதி வைத்துவிட்டேன். கேட்கிறவர்களிடம் இதைக் கொடுத்துவிட்டு நான் காயை வாங்கிக்கொண்டு போகலாம்.

அது என்ன குழு?

ஜெர்மன் மொழியில் தோமானர் குழு என்பார்கள். லைப்சிக்கில் 1212இல் ஒரு துறவு மடத்தோடு தொடங்கியது. 2012இல் எண்ணூறாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். மதுரைக் கோயிலில் இன்று நாம் பார்க்கும் தெற்குக் கோபுரமும் ஆயிரங்கால் மண்டபமும் எழுவதற்கு முன்பே அங்கே பையன்கள் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ நூறு பேர். ஒன்பது வயதில் சேர்ந்து பள்ளிப் படிப்பு முடியும் வரை இருப்பார்கள். குழுவுக்கென்றே விடுதி இருக்கிறது. பையன்கள் அதைச் செல்லமாகப் ‘பெட்டி’ என்று அழைக்கிறார்கள். ஓர் அறையில் சின்னவர்களும் பெரியவர்களும் கலந்திருப்பார்கள். பெரியவன் சின்னவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோமா என்பது நம் பரங்கிமலையோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே தோமாதான். இதைக் கேட்டதும் என் மாமியாருக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. “நம்ம ஆள் கோயில்தானா” என்றார்.

பாடகர் குழு என்றால் பஜனை மாதிரியா, டீச்சர்?

எதிர்வீட்டில் திருப்புகழ் சபைக்குப் போகிறவர் கேட்டது. நல்ல கேள்வி. பஜனையில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவோம். இருபது பேர் பாடினாலும் போகிற பாதை ஒன்றுதான். இங்கே நான்கு பாதைகள். சோப்ரானோ மேலே, அதற்குக் கீழே ஆல்ட்டோ, பிறகு டெனர், அடியில் பேஸ். நான்கு பேர் ஒரே நேரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள நான்கு மாசி வீதிகளிலும் நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பார்ப்பதை இன்னொருவர் பார்க்கவில்லை. ஆனால் யாராவது தப்பான சந்துக்குள் நுழைந்துவிட்டால் நான்கு பேரும் கெட்டார்கள்.

நான் ஆல்ட்டோ. கேட்கிறவர்கள் யாரும் ஆல்ட்டோவைத் தனியாகக் கவனிப்பதில்லை. நாங்கள் நிறுத்தினால் மட்டும், என்னவோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். ரசத்தில் பெருங்காயத்தின் நிலைமை.

உலகத்தில் இத்தனை குழுக்கள் இருக்க, ஏன் இதுவே?

இதற்குச் சுருக்கமான பதில் என்னிடம் இல்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது. பெரிய வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி மூன்று மணி வரை மும்மணி நேர ஆராதனை. மதுரை வெயில், வெள்ளைப் புடவைகள், வேலை செய்யாத இரண்டு மின்விசிறிகள், எலுமிச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. ‘இரத்தம் காயம் குத்தும் நிறைந்து’ என்ற பாட்டைப் பாடும்போது ஆலயமே ஒரு மாதிரி தாழ்ந்து போகும். என் பாட்டி அந்தப் பாட்டைப் புத்தகம் பார்க்காமல் பாடுவார். ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் அவருடைய குரல் நின்றுவிடும். அடுத்த அடியில் திரும்பி வந்து சேர்ந்துகொள்வார். அந்த ஓர் அடியை நான்தான் பாட வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதப்படாத ஒப்பந்தம்.

ஆராதனை முடிந்ததும், எங்கள் ஆர்கன் வாசிப்பவர் பிள்ளைகள் நான்கைந்து பேரைத் தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். பழைய இசைத்தட்டுப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். கிழக்கு ஜெர்மனியில் பதிவான தட்டு. எப்படி அவர் கைக்கு வந்ததென்று அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஊசியை வைத்தார். கரகரவென்ற சத்தத்துக்குள்ளிருந்து, நாங்கள் அரைமணி நேரத்துக்கு முன் பாடி முடித்த அதே மெட்டு, எங்களுக்குப் புரியாத மொழியில், எங்கள் வயதுப் பையன்களின் குரலில் வந்தது. எனக்கு வந்த முதல் எண்ணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: “நம் பாட்டைத் திருடிவிட்டார்கள்.”

வாய்விட்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “இல்லை பாப்பா, அவர்கள்தான் நமக்குக் கொடுத்தார்கள். ஆனால் நீ சொன்னதையும் நான் மறுக்கவில்லை” என்றார். அதற்கு என்ன பொருள் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அந்தத் தட்டில் பாடியது தோமானர் குழு.

அப்படியென்றால் அது அவர்கள் பாட்டா, நம் பாட்டா?

எங்கள் குழுவில் இதைப் பற்றி இரண்டு கட்சி உண்டு. நான் மூன்றாவது கட்சி.

சொற்களை எழுதியவர் 17ஆம் நூற்றாண்டு ஜெர்மன் கவிஞர் பவுல் கெர்ஹார்ட். அவரும் இடைக்கால லத்தீன் பாட்டு ஒன்றைத்தான் ஜெர்மனாக்கினார். மெட்டு கெர்ஹார்ட்டின் சொற்களுக்கு முந்தையது. 1601இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பவர் வெளியிட்ட காதல் பாட்டு! ஒரு பெண்ணால் மனம் கலங்கிப்போனவன் பாடுவது. பிறகு அது ஆலயத்துக்குள் வந்தது. பாக் அதை, இயேசு பட்ட பாடுகளைச் சொல்லும் தம் மத்தேயு பாடுகள் இசையில் ஐந்து இடங்களில், ஒவ்வொரு முறையும் வேறு வேறு சுருதியில் வைத்தார்.

இந்தப் பக்கம், ஹாலே நகரத்திலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். அவருக்குப் பின் வந்த ஜெர்மன் ஐயர்மார் தங்கள் ஊர் ஞானப்பாட்டுகளை மெட்டு மாறாமல் தமிழாக்கினார்கள். அவர்களில் சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ் ஐயர் முக்கியமானவர். அந்த வழியில் வந்தவைதான் எங்கள் பாமாலைப் புத்தகத்தில் இருக்கும் பல பாட்டுகள். நம் மண்ணின் ராகங்களில் வேதநாயக சாஸ்திரியார் போன்றோர் செய்தவை கீர்த்தனைகள். காலையில் பாமாலை, மாலையில் கீர்த்தனை என்று இரண்டையும் பாடி வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆக, அந்த மெட்டு நம் வீட்டுக்கு வாழ வந்த பெண். வந்து முந்நூறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. நம் வெயிலில் கறுத்து, நம் கமகத்தை அங்கங்கே ஒட்டிக்கொண்டு, நம் பாட்டிமாரோடு அழுது, நம்மவள் ஆகிவிட்டாள். (அந்தக் கமகத்தைத் தவறு என்று திருத்தும் பாடகர் குழுத் தலைவர்கள் உண்டு. திருத்தட்டும்.) நான் போவது அவளுடைய பிறந்த வீட்டைப் பார்க்க. போய்ப் பார்த்தால் அங்கேயும் அவள் காதல் பாட்டு வீட்டிலிருந்து வந்தவள்தான் என்பது வேறு விஷயம்.

பாக் யார்?

யோஹான் செபாஸ்டியன் பாக். 1723 முதல் 1750இல் இறக்கும் வரை இந்தக் குழுவின் ஆசான். பையன்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது அவருடைய சம்பள வேலை. முதல் சில ஆண்டுகள் ஏறத்தாழ வாரந்தோறும் ஆராதனைக்குப் புது இசை எழுதிக் கொடுத்ததும் அந்த வேலையில்தான். நகர மன்றத்தோடு ஓயாத சண்டை. நல்ல பாடகர்கள் போதவில்லை என்று 1730இல் அவர் எழுதிய நீண்ட மனு இன்னும் இருக்கிறது. அதில் எந்தப் பையன் தேறுவான், எந்தப் பையன் தேறமாட்டான் என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறார். எந்த ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கும் புரியும் மனு அது.

நம் பக்கத்துக்கு அறிமுகம் வேண்டுமென்றால், பண்ணைப்புரத்துக்காரரான இளையராஜா 1986இல் வெளியிட்ட இசைத் தொகுப்பு ஒன்றில், பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகவே ஓர் இசைக்குத் தலைப்பு வைத்தார். அவர் வீட்டுக்கு பாக் வந்தார். என் வீட்டுக்கு வரவில்லை, அதனால் நான் போகிறேன்.

போனிலேயே கேட்கலாமே, பெரியம்மா?

அழகர் ஆற்றில் இறங்குவதைத் தொலைக்காட்சியில் நேரலையாகத்தான் காட்டுகிறார்கள். நீ ஏன் விடிய விடிய வைகைக் கரையில் போய் நின்றாய்?

அவர்கள் இங்கே வரும்போது கேட்டால் ஆகாதா?

மாசி வீதியில் ஓடும் தேரைப் பார்க்க வேண்டுமென்றால் நாம்தான் மாசி வீதிக்குப் போக வேண்டும்.

டிக்கெட் எவ்வளவு?

இங்கேதான் எல்லோரும் வாயைப் பிளக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கும் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கும் ஆலயத்தில் ‘மோட்டெட்’ என்ற பாட்டு வழிபாடு நடக்கிறது. வாசலில் சில யூரோ கொடுத்து நிகழ்ச்சித் தாள் வாங்கினால் அதுவே அனுமதி. மதுரையில் இரண்டு பேர் கறி தோசை சாப்பிடும் காசு. சனிக்கிழமை வழிபாட்டில் பெரும்பாலும் பாக்கின் கான்டாட்டா (குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த ஆராதனை இசை) ஒன்றும் உண்டு. அதற்கு வாசிப்பது உலகப் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழு. நான் இரண்டு நாளும் போவேன். இரண்டு வாரம் தங்குவதால் நான்கு முறை.

போகத் திட்டமிடுகிறவர்கள் கவனிக்க: பள்ளி விடுமுறை நாட்களிலும், குழு வெளியூர்ப் பயணம் போயிருக்கும்போதும் வேறு பாடகர்கள் வந்து பாடுவார்கள். வழிபாடு நடக்கும், பையன்கள் இருக்கமாட்டார்கள். விமான டிக்கெட் போடும் முன் ஆலயத்தின் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். நான் மூன்று முறை பார்த்தேன். என் வீட்டுக்காரர் நான்காவது முறை பார்த்தார்.

முன்வரிசையில் இடம் கிடைக்குமா?

கிடைத்து என்ன பயன்? குழு நிற்பது ஆலயத்தின் மேற்குக் கோடியில், மாடத்தில். கீழே பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் அவர்கள் நம் முதுகுக்குப் பின்னால், தலைக்கு மேலே. இதைச் சொன்னபோது என் நாத்தனார் தலையில் கைவைத்துக்கொண்டார். “ஏன் மதினி, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போய், திரும்பி உட்கார்ந்துகொள்ளவா இந்தச் செலவு?”

ஆமாம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இது கச்சேரி இல்லை. பாடுகிறவர்கள் நம் முகத்துக்காகப் பாடவில்லை, நாமும் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சின்னப் பையன்கள் மாலுமிச் சட்டை போட்டிருப்பார்கள், பெரியவர்கள் கறுப்புக் கோட்டு. அதையெல்லாம் முடிந்து இறங்கி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். இருபத்தேழு ஆண்டுகளாக நானும் மாடத்தில் நின்று பிறர் தலை உச்சிகளைப் பார்த்துப் பாடியவள். ஒருமுறை கீழே உட்கார்ந்து, பாட்டு எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

எல்லாமே ஆண் பிள்ளைகள்தானா? குரல் உடைந்தால் என்ன செய்வார்கள்?

ஆம், பையன்கள் மட்டும். சோப்ரானோ, ஆல்ட்டோ இரண்டும் சின்னவர்கள். டெனர், பேஸ் இரண்டும் பெரியவர்கள். அதாவது கீழ்க்குரலில் பாடுகிறவன் நான்கைந்து ஆண்டுக்கு முன் அதே மாடத்தில் மேல்குரலில் பாடியவன். தன் பழைய பங்கு அவனுக்கு மனப்பாடம்.

இப்படிக் குரல் உடையும் மகரக்கட்டைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் இங்கே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கினார். பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி வந்தது. எம்.ஜி.ஆர். சிறுவனாக நடித்த கம்பெனி அது. ஸ்திரீ பார்ட் போட்டு எட்டுக்கட்டையில் பாடிய பையனுக்கு ஒருநாள் காலையில் தொண்டை கரகரத்தால் அதோடு அவன் ராஜ்யம் முடிந்தது. லைப்சிக்கில் அந்தப் பையனைக் கொஞ்ச காலம் பாடாமல் வைத்திருந்து, குரல் நிலைத்ததும் டெனரிலோ பேஸிலோ சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் காலத்தில் மகரக்கட்டு இவ்வளவு சீக்கிரம் வராது. பாக்கிடம் பதினாறு வயதிலும் சோப்ரானோ பாடியவர்கள் உண்டு. இப்போது பதின்மூன்று வயதிலேயே வந்துவிடுகிறது. ஆசானுக்கு ஒவ்வொரு பையனும் மூன்று, நான்கு ஆண்டுப் பயிர்தான். நல்ல சோப்ரானோ ஒருத்தி கல்யாணமாகித் திருநெல்வேலிக்குப் போனதற்கே நாங்கள் ஓராண்டு புலம்பினோம்.

இப்போதைய ஆசான் அந்திரியாஸ் ரைட்சே. சுவிட்சர்லாந்துக்காரர். 2021இல் பொறுப்பேற்றார்.

விசா கிடைத்துவிட்டதா? எப்படி வாங்கினீர்கள்?

கிடைத்துவிட்டது. வேண்டியது ஷெங்கன் விசா. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்கு முன்பாவது கொடுத்துவிட வேண்டும். அந்தக் கடைசி நாள் வரை காத்திருப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, அதோடு சேவைக் கட்டணம். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வாங்கியதாகவும், திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடி ஆவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரித் தாள்கள், பள்ளியிலிருந்து விடுப்புக் கடிதம், தங்கும் இடத்துக்கான பதிவு, போக வர டிக்கெட் பதிவு, போகும் காரணத்தைச் சொல்லும் கடிதம். பாஸ்போர்ட்டை மதுரையிலேயே வாங்கிவிடலாம். விசாவுக்கு நான் சென்னை போனேன்.

போனேன் என்று ஒருமையில் சொல்வது பொய். இரண்டு முறை போனேன். முதல் முறை பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் தலை சீவி, கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றால், வங்கி அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் கிளையின் முத்திரை இல்லை. அங்கேயே அதே வங்கியின் இன்னொரு கிளையைத் தேடி ஆட்டோவில் அலைந்தேன். “உங்கள் கிளையில்தான் போட வேண்டும்” என்றார்கள். அன்றிரவே மதுரைக்குத் திரும்பினேன். எங்கள் கிளையில் முத்திரை போட எடுத்துக்கொண்ட நேரம் நான்கு விநாடி. நான் எண்ணினேன்.

இரண்டாம் முறை கவுன்ட்டரில் இருந்த பெண் கேட்டாள்: “அங்கே மகன் படிக்கிறாரா?” இல்லை. “மகள்?” இல்லை. “மாநாடா?” இல்லை. “பின்னே?” பாட்டுக் கேட்க. அவள் நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, “என்ன பாட்டு, மேடம்?” என்றாள். எனக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். இல்லாவிட்டால் பாடியே காட்டியிருப்பேன்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

இரண்டு பேருக்கும் தனித்தனியே இரண்டே கால் லட்சம் ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். இரண்டாவது ஆள், எங்கள் குழுவில் சோப்ரானோ பாடும் என் தோழி. விமானம்தான் பெரும் செலவு: சென்னையிலிருந்து பிராங்க்பர்ட், அங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். மதுரையிலிருந்தே கொழும்பு அல்லது துபாய் வழியாகவும் போகலாம். எங்கள் தேதிகளுக்கு அது ஒத்துவரவில்லை. தங்குவது சமையலறை உள்ள சின்ன வீடு.

இந்தப் பணத்தில் எத்தனை பவுன் வாங்கலாம் என்பதை என் நாத்தனார் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார், நன்றி. பணம் ஆறு ஆண்டுச் சீட்டு. டியூஷன் எடுத்துக் கட்டியது. இதற்கு மேல் இந்தத் தலைப்பில் கேள்விகள் ஏற்கப்படமாட்டா.

பெரிய வெள்ளிக்கிழமைக்கே போயிருக்கலாமே?

போயிருக்கலாம். அந்த நாட்களில் அதே ஆலயத்தில் இதே குழு பாக்கின் பாடுகள் இசையை முழுவதுமாகப் பாடும். மத்தேயு பாடுகள் முதன்முதலில் ஒலித்ததாக அறிஞர்கள் கருதும் இடமும் அதுதான், 1727இல். அதைத் தவறவிட்டு மே மாதம் போகிறவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஆர்கன் வாசிப்பவர் இருந்திருந்தால் அவரும் சொல்லியிருப்பார்.

ஆனால் எங்கள் குழுவில் ஆல்ட்டோ நான்கே பேர். ஒருவருக்கு முழங்கால் வலி, மாடம் ஏற முடியாது. ஒருவர் புதிது. மும்மணி நேர ஆராதனைக்கு நான் இல்லாவிட்டால் ஒற்றை ஆல்ட்டோ என்ன செய்வாள்? அதோடு, பாட்டி குரல் நின்றுபோகும் அந்த அடியை அவர் போன பிறகும் நான் பாடிக்கொண்டிருக்கிறேன். அதை விட்டுவிட்டு வேறெங்கோ போய் உட்கார்ந்து கேட்க மனம் வரவில்லை. பள்ளியும் தேர்வு முடிந்துதான் விடும். சித்திரைத் திருவிழா முடிந்து, ஊர் ஓய்ந்த பிறகு கிளம்புகிறேன்.

சாப்பாடு? குளிர்?

சமைத்துக்கொள்வோம், பருப்புப் பொடி போகிறது. மே மாதத்தில் அங்கே நம் கொடைக்கானல் குளிர்தான் இருக்குமாம். ஆனாலும் மாமியார் மங்கி குல்லா இரண்டு வாங்கி வைத்துவிட்டார். லைப்சிக்கில் ‘வானம்பாடி’ என்று ஒரு பலகாரம் விற்கிறது. முன்பு நிஜ வானம்பாடியையே பிடித்து வறுத்துத் தின்றார்கள். 1876இல் அந்த வேட்டையைத் தடை செய்ததும், பேக்கரிக்காரர்கள் பாதாம் விழுது வைத்துச் செய்து அதே பெயரைச் சூட்டிவிட்டார்கள். ஊருக்குக் கொண்டுவரச் சொல்லி ஏற்கெனவே பதினொரு பேர் கேட்டாகிவிட்டது.

வேறு எதையும் பார்க்க மாட்டீர்களா?

பாக்கின் கல்லறை ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. முதலில் வேறோர் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் அடையாளக்கல்கூட இல்லாமல் கிடந்தார். போரில் அந்த ஆலயம் அழிந்த பிறகு 1950இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்.

ஒருநாள் ஹாலேவுக்குப் போகிறோம். உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். சீகன்பால்கு படித்த ஊர். தரங்கம்பாடி அச்சகத்துக்கான தமிழ் எழுத்துகளை முதலில் அங்கேதான் வார்த்து, கப்பலில் அனுப்பினார்கள். 1713இல் அவை இங்கே வந்து சேர்ந்தன. அதே 1713இல் பாக் அந்த ஊர் ஆலயத்தில் ஆர்கன் வேலைக்குப் போய் வாசித்துக் காட்டினார். வேலை கிடைத்தும் போகவில்லை. அங்குள்ள பிராங்கே நிறுவனங்களின் காப்பகத்தில் நம் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. கணக்கு டீச்சருக்கு எடுத்துக் காட்டுவார்களா என்று தெரியாது, கேட்டுப் பார்ப்பேன்.

லைப்சிக்குக்கும் தமிழ் புதிதல்ல. அந்த ஊர் மிஷன் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856இல் அங்கேயே அச்சிட்டார். அதனால்தான் அங்கே நான் விருந்தாளி என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பந்தி வீடு.

ஜெர்மன் தெரியுமா?

உச்சரிக்கத் தெரியும், புரியாது. என் மருமகன் செயலி ஒன்றைப் போனில் ஏற்றிக் கொடுத்தான். அது ஆப்பிள் தின்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

இவ்வளவு நாள் ஏங்கிவிட்டுப் போய், ஏமாற்றமாக இருந்தால்?

இருக்கலாம். இதை எங்கள் குழுத் தலைவர் கேட்டார். அவர் கேட்டதால் யோசித்துப் பார்த்தேன். நான் கேட்ட தட்டில் பாடிய பையன்களுக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். குரல் அதே குரல் இல்லை, ஆசானும் அவர் இல்லை, நானும் பன்னிரண்டு வயதுக்காரி இல்லை. அந்தத் தட்டின் கரகரப்பையும் சேர்த்துத்தான் மனத்தில் வைத்திருக்கிறேன். கரகரப்பு இல்லாமல் கேட்டால் எப்படி இருக்குமோ. அந்த வாரம் பையன்களுக்கு ஜலதோஷமாகவும் இருக்கலாம். பாக்கே அப்படிப்பட்ட வாரங்களில் இருக்கிறவர்களை வைத்துத்தான் ஓட்டியிருப்பார்.

என் பயம் அதுவல்ல. நன்றாக இருந்துவிட்டால், திரும்பி வந்து எங்கள் டெனர் வரிசையை எப்படிப் பொறுத்துக்கொள்வேன் என்பதுதான்.

அந்தப் பாட்டைப் பாடுவார்களா?

மாட்டார்கள். அது பாடுகளின் காலத்துப் பாட்டு. நாங்கள் போகும்போது உயிர்ப்பின் காலம். நிகழ்ச்சி நிரலும் அதற்கேற்பத்தான் இருக்கும். இந்தப் பதிலைச் சொன்னதும் என் தோழி கையிலிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டாள். “அப்படியானால் எதற்குப் போகிறோம்?”

பிறந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள், பெண் அங்கே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. அவள்தான் நம் வீட்டில் இருக்கிறாளே. அவள் வளர்ந்த முற்றம், ஏறி இறங்கிய படி, அக்கம்பக்கத்தார் பேசும் விதம், இவற்றைப் பார்க்கத்தானே போகிறோம். அதோடு, அந்த வழிபாட்டில் கீழே உட்கார்ந்திருக்கும் சபையாரும் சேர்ந்து பாடும் பாட்டு ஒன்று உண்டு. நிகழ்ச்சித் தாளில் சுரத்தோடு அச்சிட்டிருப்பார்கள். அது எங்கள் பாமாலையில் உள்ள மெட்டாக அமைந்துவிட்டால், நான் ஆல்ட்டோவைத் தமிழிலேயே பாடிவிடுவதாக இருக்கிறேன். சத்தமாக இல்லை. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவு.

திரும்பி வந்ததும் ஒத்திகைக்கு வருவீர்களா?

சென்னையில் விமானம் இறங்குவது செவ்வாய் நள்ளிரவு தாண்டி. வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் புதன்கிழமை இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் மதுரை, ஒத்திகை ஆறரைக்கு. முதன்முறையாக எனக்காகத் தாமதியுங்கள். டெனர்களுக்காக இருபத்தேழு ஆண்டுகள் காத்திருந்திருக்கிறோம்.